கிர்ரின் வீட்டுச் சுரங்கவழிகள்

எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய 21 ‘ஃபேமஸ் ஃபைவ்’ நாவல்களில், சிறுவர்கள் சுவரைத் தட்டினால் ஏதேனும் ஒரு வழி திறந்துகொள்ளும். 1943இல் வந்த நாவலில் கிர்ரின் வீட்டுப் படிப்பறையிலிருந்து பண்ணைவீட்டு அலமாரிக்கு ஒரு வழி. 1947இல், கல்குவாரியிலிருந்து கடலுக்கடியில் தீவுக்கே ஒன்று. பின்னதை நகைப்போர், கார்ன்வாலின் லெவன்ட் சுரங்கம் கடலடியில் ஒரு மைலுக்கும் மேல் சென்றதை நினைத்துக்கொள்ளட்டும்.

கிர்ரின் கோட்டையின் மூலம் டார்செட்டின் கார்ஃப் கோட்டை என்பது வாசகர் பலரின் துணிபு. 1646இல் நாடாளுமன்றத்தார் தகர்த்த அந்த இடிபாடு கதைக்குப் பொருந்துவது மெய்தான். ஆனால் அது குன்றின்மேல் நிற்கிறது, சுற்றிலும் கடல் இல்லை. 1924இல் பிளைட்டன் தேனிலவுக்குச் சென்ற ஜெர்சியிலோ, கடல் வற்றும்போது மட்டுமே நடந்து சேரக்கூடிய எலிசபெத் கோட்டை உண்டு. நாம் ஜெர்சி கட்சி.

எனினும் நம்மை அதிகம் ஈர்ப்பது அந்தப் படிப்பறையின் மரப்பலகைகளே. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1585ஆம் ஆண்டுச் சட்டப்படி, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றம். நிக்கோலஸ் ஓவன் என்னும் தச்சர் மாளிகைகள்தோறும் மறைவிடங்கள் அமைத்தார். 1606இல் பிடிபட்டு, லண்டன் கோபுரத்துச் சித்திரவதையில் மாண்டார். ஜூலியனும் ஜார்ஜும் விளையாட்டாகத் தட்டிய பலகைகளை அன்று தட்டிப் பார்த்தவர்கள் அரசின் சோதனையாட்கள். அவர்கள் தேடியதும் உள்ளே வெற்றிடம் ஒலிக்கிறதா என்பதையே. ஓவனுடையவை என்று கருதப்படும் மறைவிடங்கள் ஹார்விங்டன் மாளிகையில் உள்ளன. அங்கே ஒரு மரத்தூண் சுழன்று வழிவிடும்.