நீல ரயில்: தவணை முறையில் ஒரு சாவு

சில சாவுகளுக்குத் தேதி குறிப்பது கஷ்டம். பிரான்சின் நீல ரயில் தவணை முறையில் செத்தது. 2003-ல் பெயர் போயிற்று. பெயரில்லாமல் அதே தடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாரிஸ்–நீஸ் இரவு வண்டியும் 2017 டிசம்பரில் நின்றது.

கலே–மத்தியதரைக்கடல் எக்ஸ்பிரஸ் என்பதுதான் அதற்கு இட்ட பெயர். வாகோன்-லீ கம்பெனியின் படுக்கை வண்டி. 1922 டிசம்பரில் பழைய மரப் பெட்டிகள் போய், கருநீல வண்ணமும் தங்கக் கோடுகளும் கொண்ட எஃகுப் பெட்டிகள் வந்தன. நீல ரயில் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தது. அட்டவணைக்காரர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அதற்குப் பணிந்தார்கள்.

லண்டன்காரர்கள் கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கலேயில் ஏறுவார்கள். பாரிஸில் இன்னும் சிலர் சேர்ந்துகொள்வார்கள். உணவுப் பெட்டியில் ராச்சாப்பாடு முடிந்து படுத்தால், லியோனும் ரோன் நதிப் பள்ளத்தாக்கும் தூக்கத்திலேயே கடந்துவிடும். காலையில் மார்செய். சான் ரஃபாயேல் தாண்டியதும் எஸ்தெரெல் மலையின் செம்பாறைகள் நேராகக் கடலில் இறங்கும். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வண்டி வளைந்து வளைந்து போகும். கான், ஆன்டீப், நீஸ், மோனகோ, கடைசியில் இத்தாலி எல்லையருகே மான்ட்டன். மூடுபனியில் கண்ணை மூடியவர் வெயிலில் விழிப்பார். அந்தக் கரையின் கவர்ச்சியில் பாதி இப்படி வந்து சேர்வதில்தான் இருந்தது என்பேன்.

அது குளிர்கால வண்டி என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கோடையில் அங்கே ஹோட்டல்களையே மூடிவிடுவார்கள். மான்ட்டனுக்குக் காசநோய்க்காரர்கள் வெயில் தேடிப் போன காலமும் உண்டு. வெயிலில் உடம்பைக் கறுக்க வைப்பது நாகரிகமானதெல்லாம் 1920-களில்தான். 1924-ல் தியாகிலெவின் நடனக் குழு இந்த ரயிலின் பெயரிலேயே ஒரு பாலே ஆடியது. கதை கொக்தோ, இசை மீயோ, உடைகள் ஷனேல், முன்திரை பிக்காசோ. மேடையில் ரயில் மட்டும் வராது! அதில் வந்து இறங்கியவர்கள் கடற்கரையில் அடிக்கும் கூத்துதான் ஆட்டம். 1928-ல் அகதா கிறிஸ்டி தன் பங்குக்கு அதே வண்டியில் ஒரு கொலையை வைத்தார்.

1930-ல் வுல்ஃப் பார்னாட்டோ என்ற பணக்காரர் பந்தயம் கட்டி, கானிலிருந்து பென்ட்லி காரில் கிளம்பினார். ரயில் கலே போய்ச் சேருமுன் அவர் லண்டனில் இருந்தார். எல்லோரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதல் சாவு மணி அதுதான்.

1936-ல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளிகளுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை கொடுத்தது. அதையடுத்து இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும் சேர்ந்தன. ரயிலின் வீழ்ச்சி அங்கே தொடங்கியதாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வைரக்காரர்கள் மட்டும் பார்த்த செம்பாறையைத் தையற்காரியும் பார்க்கக் கிடைத்த பிறகுதான் அந்த வண்டி ஓடியதற்கு ஒரு நியாயம் வந்தது. கொன்றவர்கள் வேறு: பணக்காரர்களை விமானம் கொண்டுபோனது, மற்றவர்களை டெ.ஜெ.வே. அதிவேக ரயில் கொண்டுபோனது. பகலிலேயே ஆறு மணி நேரத்துக்குள் நீஸ் வந்துவிடும்போது, படுக்கை விரித்து இரவெல்லாம் போக யாருக்குப் பொறுமை?

பாரிஸின் லியோன் ரயில் நிலையத்தில் 1901-ல் திறந்த உணவகம் 1963 முதல் நீல ரயிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தங்க முலாம் பூசிய கூரையும் தென்கரை ஊர்களின் ஓவியங்களும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அது எங்கும் புறப்படாது.

2021 மே மாதம் பாரிஸ்–நீஸ் இரவு ரயிலை மீண்டும் விட்டார்கள். ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. தங்கக் கோடு இல்லை, ஒரே அறையில் ஆறு பேர் வரை படுக்க வேண்டும். போகிறவர்கள் சான் ரஃபாயேலுக்கு முன் எழுந்துவிடுங்கள். வண்டி போகும் திசையில் கடல் வலப்பக்கம் வரும்.