மதிப்பிடுவோர்க்கு வேண்டும் நடுவுநிலை

இடையஞ்சாவடியிலும் மரக்காணம் உப்பளக் கரை ஊர்களிலும் பிறந்த நம் பிள்ளைகள், பட்டப்படிப்பைக் கடந்து ஆராய்ச்சித் துறையிலும் அடியெடுத்து வைத்தல் வேண்டும் என்பது இவ்வெள்ளிவிழாக் காலத்தில் நம் அனைவரின் விருப்பமாகும். ஆகவே, ஆராய்ச்சியை எடைபோடுபவர் யார், எந்நெறியில் எடைபோடுகிறார் என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். உப்பை வாங்குபவனே அளவும் பிடித்தால் உழைத்தவனுக்கு என்ன மிஞ்சும் என்பது நம் முன்னோர்க்குத் தெரியாததன்று.

ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சேறுமுன், அத்துறை வல்லுநர் அதனைப் படித்து, ஏற்கலாமா, திருத்தலாமா, தள்ளலாமா என்று இதழாசிரியருக்கு உரைப்பது அறிவுலக வழக்கம். இலண்டன் ராயல் சங்கம் 1830-களில் எழுத்துமூல மதிப்பீட்டைக் கைக்கொண்டது. ஆயின், ஒரு துறையை நன்கறிந்தவரே அத்துறையில் போட்டியாளராகவும் இருப்பார். அவர்தம் கொள்கையும் புகழும் தீர்ப்பில் கலந்துவிடக் கூடும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு இதற்குச் சான்று. எரிபொருள் தீர்ந்த விண்மீன், சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டிருப்பின், வெண்குறு மீனாக நிலைபெறாது என்று அவர் கணித்தார். 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தார். அவருடைய கணக்குகளை முன்னரே நேரில் கண்டறிந்திருந்த பேரறிஞர் எடிங்டன், தாம் மறுக்கப்போவதை அவரிடம் கூறாமல், அடுத்தெழுந்து அக்கருத்தை எள்ளி நகையாடினார். எடிங்டன் தமக்கென ஒரு கொள்கையைக் கட்டி வந்தவர். இளைஞரின் முடிவு அதனோடு பொருந்தவில்லை. நீல்ஸ் போர் போன்றோர் தனிமையில் இளைஞரை ஆதரித்தனர். வெளிப்படையாக வாதாட முன்வரவில்லை. இது இதழ் மதிப்பீடன்று. எனினும் சொந்தக் கொள்கை தீர்ப்பாளரின் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1983-இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். இடையில், 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழொன்றின் ஆசிரியராகப் பிறர் கட்டுரைகளை எடைபோடும் பொறுப்பையும் ஏற்றார்.

அவர் சர் சி. வி. இராமனின் தமையன் மகன். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவரையே ஒரு பெரியவரின் சொல் தடுத்ததெனின், பின்புலம் ஏதுமற்ற நம் பிள்ளைகளின் நிலை யாது?

இதற்கு மாறான சான்று அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ரூபாய் நாணயம் பற்றிய ஆய்வேடு, திருத்தி எழுதுமாறு திருப்பப்பட்டது. அவர் தளரவில்லை, மீண்டும் அளித்து 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவ்வாண்டே நூலாக வந்த அதற்கு அவருடைய பேராசிரியர் எட்வின் கானன் முன்னுரை வழங்கினார். நூலின் வாதங்களிற் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறியும், மாணவரின் சிந்தனைப் புதுமையை அவர் பாராட்டினார். உடன்படாமை வேறு, தகுதியை மறுத்தல் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டில் சாதியும் அளவுகோலைச் சாய்க்கிறது. புதுதில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் குறித்து 2007-இல் வெளிவந்த தோரட் குழு அறிக்கை, தேர்வுகளில் தாம் பாகுபாட்டுக்கு ஆளானதாக நம் மாணவர் கூறியதைப் பதிவு செய்துள்ளது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அந்நிறுவனத்தில் பணிபுரியாத இரு தேர்வாளரேனும் மதிப்பிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் முறை பல இதழ்களில் உண்டு. இவற்றை நம் இளைஞர் அறிந்து, நியாயம் பிறழுமிடத்து எழுத்துமூலம் கேட்கும் துணிவு பெறுதல் வேண்டும்.

நாளை நம்மவரும் தேர்வாளர் இருக்கையில் அமர்வர். தம் உறவினர், மாணவர், நேர்ப் போட்டியாளர் ஆகியோரின் ஆய்வு தம்மிடம் வருமாயின், அத்தொடர்பை வெளிப்படுத்தி விலகுதல் அவர்தம் கடமை. அச்சேறாத பிறர் கருத்தைத் தமதாக்குதல் களவாகும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். நமக்கு மறுக்கப்பட்ட அந்நீதியை நாம் எவர்க்கும் மறுத்தலாகாது.