இணையத் தமிழின் வருங்காலத்தைக் கணித்தல்: குறியேற்ற முயற்சிகளின் வரலாறு (1991–2010)

முன்னுரை

ஒரு தொழில்நுட்பத்தின் வருங்காலத்தைக் கணிப்பது அறிஞர்தம் ஊகமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அக்கணிப்பை நம்பி அரசு ஆணை பிறப்பிக்கிறது. அலுவலகங்கள் மென்பொருள் வாங்குகின்றன. நூல்கள் தட்டச்சு செய்யப்படுகின்றன. கணிப்புப் பிழைத்தால், அவ்வாறு சேர்த்த எழுத்துகள் படிக்க இயலாத கோப்புகளாகத் தேங்கிவிடும். கணினியில் தமிழ் எவ்வாறு சேமிக்கப்பட வேண்டும் என்பது பற்றி 1991 முதல் 2010 வரை எடுக்கப்பட்ட முடிவுகளுள் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதையும், அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துருக் குழப்பம்

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஒழுங்கே குறியேற்றம் எனப்படும். 1990களில் தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. அச்சுத் துறையில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. தாளில் அச்சேறிய பின்னர் எண் எதுவாயினும் எழுத்து எழுத்தே. இணையத்தில் நிலைமை வேறு. எழுதியவரிடம் உள்ள எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில் அவர் காண்பது பொருளற்ற குறிகளின் வரிசையே.

இக்குழப்பத்திற்குத் தீர்வு காணும் நோக்கில் 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய ‘தமிழ்இணையம் 99’ மாநாடும் கூடின. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கலந்து பேசி ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை உருவாக்கியிருந்தனர். சென்னை மாநாட்டையடுத்துத் தமிழக அரசு, ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் பொதுவானது.

வரிவடிவக் குறியேற்றத்தின் அடிப்படை

திஸ்கி, டாம், டாப் ஆகிய மூன்றும் எட்டுப் பிட்டுக் குறியேற்றங்கள். 256 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும், வடமொழி எழுத்துகளையும், ஆங்கிலத்தையும் அடக்க இயலாது. ஆகவே அவை எழுத்தைக் குறிக்காமல் வரிவடிவத்தைக் குறித்தன. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. அக்காலக் கணினிகள் பெரும்பாலானவற்றில் தமிழ்த் துண்டுகளை இணைத்துக் காட்டும் நிரல் இல்லாமையால் இது தக்க தீர்வாகவே அமைந்தது. எனினும் கொம்பு முதலில் நிற்பதால் அகரவரிசைப்படுத்தலும் தேடலும் தனி நிரலின்றி இயலாதனவாயின.

ஒருங்குறி அப்போது அறியப்படாத ஒன்றன்று. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரப்படவில்லை. ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து ‘கொ’ ஆகும். அவற்றை இணைத்துக் காட்டுவது இயக்குதளத்தின் பொறுப்பு. இதில் இடச் செலவும் மிகுதி. ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியிடங்களைப் பெறும். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்டுகளாகும். இவ்வளவு சுமையான முறையை விடுத்து எளியதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

கணிப்பைக் கடந்த மாற்றம்

2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 இயக்குதளம், ஒருங்குறித் தமிழை இணைத்துக் காட்டும் நிரலையும் ‘லதா’ எழுத்துருவையும் தன்னுள் கொண்டிருந்தது. எட்டுப் பிட்டுக் குறியேற்றங்களுக்கு அடிப்படையாயிருந்த கருவிக் குறைபாடு, தரம் அறிவிக்கப்பட்ட ஓராண்டுக்குள் நீங்கத் தொடங்கியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், பின்னர் வந்த சமூக ஊடகங்களும் ஒருங்குறியிலேயே இயங்கின. தமிழுக்கு எது சிறந்தது என்னும் கேள்வியை, முன்பின் அறியாத வாசகரின் கணினியில் எது ஏற்கெனவே உள்ளது என்னும் கேள்வி பின்தள்ளியது.

2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ முறையை மாற்றாக அறிவித்தது. இலக்கண நோக்கில் டேஸ் 16 தமிழெழுத்து முறைக்கு நெருக்கமானது. ஆயினும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியிலேயே அது அமைந்தமையால், உலகக் கணினிகள் அதனைத் தாமாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

நிலைத்த ஒன்று

அதே 1999ஆம் ஆண்டு ஆணையில் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இன்றும் வழக்கில் உள்ளது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும், மிகுதியாகப் பயிலும் மெய்கள் வலக்கையிலும் அமைய அது வகுக்கப்பட்டது. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’ ஆகும். மெய்ம்மயக்கம், எழுத்துப் பயில்வு ஆகிய மொழியியல்புகளே இதன் அடிப்படை. கருவி மாறினாலும் இவ்வியல்புகள் மாறவில்லை. சேமிக்கும் முறையினின்று உள்ளிடும் முறை வேறாக இருந்தமையால், குறியேற்றம் வீழ்ந்தபோதும் விசைப்பலகை பிழைத்தது. எனினும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் பழக்கம் பரவியதால், தமிழர் அனைவரின் பொதுப் பலகையாக அது ஆகவில்லை.

இழப்பும் மீட்பும்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முதலில் திஸ்கியில் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியின் அட்டவணை யாவரும் காணப் பொதுவில் இருந்தமையே இதனை எளிதாக்கியது. அட்டவணை வெளியிடப்படாத தனியார் எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளை மீட்க, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அட்டவணையை மீளக் கட்டவேண்டியுள்ளது.

முடிவுரை

கருவியின் அன்றைய குறையை நிலையானதெனக் கொண்ட கணிப்பு விரைவில் காலாவதியானது. மொழியின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது நிலைத்தது. இவ்வேறுபாடு இன்றும் பொருந்தும். பைட்டு அடிப்படையில் உரையைத் துண்டாக்கும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளில், ஆங்கிலத்தைவிடத் தமிழ் பொதுவாக மிகுதியான துண்டுகளாகச் சிதைகிறது. 1999இன் இடச் செலவு விவாதம் புதிய வடிவில் மீண்டுள்ளது. இக்குறைக்கென இன்று வகுக்கப்படும் தீர்வுகளும் கருவியோடு மாறக்கூடியவையே. ஆகவே எம்முறையைத் தேர்ந்தாலும் அதன் அட்டவணையைப் பொதுவில் வைப்பது இன்றியமையாதது. கணிப்புப் பிழைத்தாலும் எழுத்து பிழைத்திருக்க அதுவே வழி.