கட்டிலும் நாற்காலியும்

இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் முதலில் இடம் மாறுவது கட்டில்தான். காட்டுப்பாக்கத்தில் என் எதிர்வீட்டுப் பெரியவருக்கும் அதுதான் நடந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. "நீங்க அசையவே கூடாதுப்பா" என்றான் மகன். அன்புதான். ஆனால் இரண்டே மாதத்தில், கொல்லைப்புறம் போய்வரவே மனிதருக்கு மூச்சு இரைத்தது.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். சென்ற நூற்றாண்டில் வெகுகாலம் வைத்திய உலகமே அவன் கட்சிதான். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையில் கிடத்துவார்கள். இத்தனைக்கும், 1772இலேயே மார்வலியை விவரித்த ஹெபர்டன் என்ற ஆங்கில வைத்தியர், தினம் அரைமணி மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைப் பற்றியும் எழுதி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

கலகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரத்து சாமுவேல் லெவின். இருதய நோயில் படுக்கையே கெடுதல் செய்கிறது என்று 1944இல் எழுதினார். 1952இல் அவரும் பெர்னார்ட் லவுனும், மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்த சிகிச்சையை வெளியிட்டார்கள். படுத்தால் காலில் தேங்கிய ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இருதயத்தின் பாரம் குறையும் என்பது அவர்கள் கட்சி. இருதயம் தளர்ந்தவர் இரவில் மூன்று தலையணை கேட்பதும் இதனால்தான்.

1966இல் டல்லஸ் நகரில், நோய்நொடியற்ற இருபது வயது வாலிபர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தார்கள். எழுந்தபோது உடலின் உழைப்புத் திறனில் கால் பங்குக்குமேல் போயிருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தால், முப்பது வருஷ மூப்பு செய்த சேதம் அந்த மூன்று வாரம் செய்ததைவிடக் குறைவு!

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிடுவதல்ல, பம்பு தளர்வது. அந்த நோயாளிகளுக்குத்தான் தேகப்பயிற்சி கடைசியில் கிடைத்தது. 2331 பேரை வைத்து நடத்திய ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2009இல் வந்தது. முதலில் மேற்பார்வையில் பயிற்சி, பிறகு வீட்டில். மரணம் பெரிதாகக் குறையவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியால் அபாயமில்லை, அன்றாட வாழ்வு சற்று இலகுவாகிறது என்று தெரிந்தது. 2019இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் நமக்குப் பக்கம்: முழுக்க வீட்டிலேயே, நாற்காலியில் அமர்ந்தபடி பயிற்சி அல்லது நடை, பன்னிரண்டு வாரம். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் அதில் பாடம் உண்டு. எதிர்வீட்டுப் பையனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

டாக்டர் பெரியவரைப் பரிசோதித்து அளவு சொன்னார். கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை திடீரென்று ஏறினாலோ, மூச்சு முன்னைவிட அதிகமாக வாங்கினாலோ நிறுத்திவிட்டு வரவேண்டும் என்ற எச்சரிக்கையோடு. முதல் வாரம் நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும் மட்டும். பக்கத்தில் அந்த அம்மாள் நின்று எண்ணுவார்.

சென்ற வாரம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரோட்டுல லாரி தொல்லை சார். அதான் உள்ளேயே நடக்கறேன், இன்னிக்குப் பத்து நிமிஷம்" என்றார். பின்னால் மகன், கையில் சொம்போடு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தான்.