முகவரி இடாப்பு யார் கையில்?

ஜிந்துப்பிட்டியில் ஒரு தோட்டத்து வீட்டின் இலக்கம் 120/14 என்று இருக்கும். 120 தெருவில இருந்து உள்ள போற வாசல், 14 உள்ளுக்குள்ள இருக்கிற வீடு. புதுசா வாற ஆள் முருகன் கோயிலடியில் நாலு பேரிட்ட விசாரிச்சு வந்து சேர்ந்துவிடுவார். கம்பியூட்டருக்கு அப்படி விசாரிக்கத் தெரியாது. அதற்கு இலக்கம் சரியாக இருக்கவேணும், மாறாமலும் இருக்கவேணும்.

இதை ஏன் சொல்லுறம் என்றால், பழைய நாடக நோட்டீஸ்கள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகளை ஸ்கேன் செய்து வைக்க எங்கட குழு மூன்று லினக்ஸ் சேர்வர்களை ஒன்றாக இணைக்கப் போகிறது. ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கட சமூகத்துக்கு 1981 சொல்லித் தந்தது. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை பல.

செஃப் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் பல பிரதிகளாக வெவ்வேறு சேர்வர்களில் வைக்கும். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த ஆய்வில் பிறந்தது அது. ஆனால் அதை நிறுவ முன்னம் முகவரி வேலை முடிந்திருக்கவேணும். ரவுட்டர் நினைத்தபடி கொடுக்கும் ஐபி முகவரி சரிவராது. இன்றைக்கு ஒன்று, கரண்ட் போய் வந்தால் இன்னொன்று என்று மாறலாம். மாறின சேர்வரை மற்ற இரண்டும் செத்துப்போனதாகக் கணக்கெடுக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி, ஒரு பெயர், மூன்றின் பெயரும் முகவரியும் எழுதின ஒரே இடாப்பு மூன்றிலும் வேணும். லினக்ஸில் அந்த இடாப்புக்குப் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பு. மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் களஞ்சியம் இயங்கும். ஒத்துக்கொள்ள முதல், ஒன்றையொன்று எங்கே தேடுவது என்று தெரியவேணும்.

அந்தச் சின்னக் கோப்புக்குப் பெரிய வரலாறு இருக்கு. 1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த எல்லாக் கம்பியூட்டர்களின் பெயரும் முகவரியும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கம்பியூட்டர் சேரவேணும் என்றால் அவர்களுக்குத்தான் அறிவிக்கவேணும். மற்றவர்கள் பட்டியலை இறக்கி எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒவ்வொரு லினக்ஸிலும் கிடக்கிற ஹோஸ்ட்ஸ் கோப்பு அந்தப் பட்டியலின் மிச்சம்தான்.

1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெட் இன்றைய ஐபி முறைக்கு மாறியது. ஒரே பட்டியல் இனித் தாங்காது என்று, அதே வருஷம் நவம்பரில் போல் மொக்கபெட்ரிஸ் டீஎன்எஸ் முறையை முன்வைத்தார். இடாப்பு ஒருவர் கையை விட்டுப் பல கைகளுக்குப் பிரிந்தது.

அந்த இரண்டு திகதிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு ஜூலை இருக்கிறது. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததாக உயிர் தப்பிய பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வாக்களிக்கவென்று எழுதப்பட்ட பெயரும் இலக்கமும் எரிக்கிறதுக்கு வழிகாட்டின. பட்டியலில் பிழை இருக்கவில்லை, சரியாக இருந்ததுதான் ஆபத்தாகிப் போனது. ஒருவரையொருவர் கண்டுபிடிக்க உதவுகிற இடாப்பு, எங்களை வேட்டையாடவும் உதவும்.

இணையத்துக்கும் உள்வீடு, வெளிவாசல் என்ற யோசனை வந்தது. 32 பிட் முறையில் கிடைப்பது ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துபோகும் என்ற பயத்தில், 1996 பெப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் சில தொகுதிகளைத் தனியார் பாவனைக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு தோட்டத்திலும் 14ஆம் இலக்க வீடு இருக்கலாம், குழப்பம் வராது. அதுபோலத்தான் இதுவும். வெளி இணையத்துக்கு அந்த முகவரிகளுக்குப் பாதை கிடையாது.

எங்கட மூன்று சேர்வருக்கும் இதையே எடுக்கிறம். ஆட்கள் வந்து வாசிக்க 192.168.10 தொகுதி. சேர்வர்கள் தங்களுக்குள் பிரதிகளைப் பரிமாற 10.10.10 தொகுதி, அதுக்கு வேறு சுவிட்ச். இரண்டாவது பாதை வெளியில் எங்கும் தொடாது. ஆனாலும் தனியார் முகவரி மட்டும் பூட்டு ஆகிவிடாது, ஃபயர்வோலும் கட்டாயம் போடவேணும். முகவரி இடாப்பைக் கடதாசியிலும் எழுதி இரண்டு பேரிட்ட கொடுக்கிறம். ஒராள் வெளிநாடு போனாலும் களஞ்சியம் அநாதையாகக் கூடாது.

இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறம். நோட்டீசும் படமும் தந்து உதவுகிற அம்மாமாரின், ஐயாமாரின் வீட்டு இலக்கம் இந்தக் களஞ்சியத்தில் ஏறாது. கோப்பின் பெயரிலும் வராது, விவரப் பட்டியலிலும் வராது. நாடகம் எந்த ஆண்டு, எந்த மேடை, யார் நடித்தது என்பதெல்லாம் மூன்று பிரதியாக இருக்கட்டும். அதைத் தந்தவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பதற்கு ஒரு பிரதியும் வேண்டாம்.