மட்டக்களப்பு என்று எழுதிய சிட்டைகள்: அம்பாறைக் கரையோர வண்டுகளின் வகைமாதிரி இடம் குறித்து

நூதனசாலைப் பெட்டியில் நூறாண்டாகக் கிடந்த வண்டொன்றைப் புதிய இனமாக விவரிப்பதற்கு விதிமுறையில் தடை எதுவும் இல்லை. சார்ள்ஸ் டார்வின் 1832இல் ஆர்ஜென்டீனாவின் பஹியா பிளாங்காவில் பிடித்த வண்டுக்கு ‘டார்வினிலஸ் செடாரிசி’ என்ற பெயர் 2014இல்தான் கிடைத்தது. ஓர் இனம் முதன்முதலில் சேகரிக்கப்படுவதற்கும் விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மாதிரியின் வயது இங்கே பிரச்சினையில்லை. அது எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே பிரச்சினை.

கிழக்கிலங்கையின் பழைய மாதிரிகளைப் பட்டியலிடுவோரிடையே ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சிட்டையில் ‘பட்டிக்கலோவா’ என்று மட்டும் இருந்தால் அதை மட்டக்களப்பு நகரம் என்று எடுத்துக்கொண்டு, நகரத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எழுதிவிடுகிறார்கள். 1961க்கு முந்திய சிட்டைகளைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு தவறானது என்று கருதுகிறேன். வேறு சான்று கிடைக்கும் வரை அச்சொல்லை மாவட்டத்தின் பெயராகவே கொள்ள வேண்டும்.

அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் வெருகலாற்றிலிருந்து கும்புக்கன் ஓயா வரையான கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டமே. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று எல்லாம் மட்டக்களப்புக் கச்சேரிக்கு உட்பட்டவை. கல்முனை, மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கே. பொத்துவில் 100 கிலோமீற்றருக்கும் அப்பால். நிர்வாக எல்லை மாறிய பின்னரும் மக்கள் வழக்கு உடனே மாறவில்லை. வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது 1964இல், அதாவது பிரிவினைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அந்நூலின் மட்டக்களப்பு கல்முனைப் பகுதியையும் உள்ளடக்கியதுதான். இந்த மண்ணைச் சேர்ந்த அறிஞரே அப்படி எழுதியிருக்க, எங்கிருந்தோ வந்து சில வாரம் தங்கிப்போன சேகரிப்பாளர் நகரத்தை மட்டுமே கருதி எழுதினார் என்று கொள்ள என்ன ஆதாரம்?

சிட்டையையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வண்டின் வலப்புற முன்சிறகில் ஊசி இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று காகிதத் துண்டுகள். ஒன்றில் இடப்பெயர், மற்றொன்றில் சேகரிப்பின் உரிமையாளர் பெயர், இன்னொன்றில் நூதனசாலைப் பதிவெண். பதிவெண்ணின் தொடக்கத்தில் வரும் ஆண்டு, மாதிரி நூதனசாலைக்கு வந்து சேர்ந்த ஆண்டு. அதைப் பிடிபட்ட ஆண்டாக வாசித்தவர்கள் உண்டு. லண்டன் நூதனசாலை மாதிரிகளில் காணப்படும் சிவப்பு விளிம்பிட்ட வட்டச் சிட்டைகளிற் பல பிற்காலப் பொறுப்பாளர்கள் சேர்த்தவை. ‘வகைமாதிரி’, அதாவது இனத்தின் பெயருக்கு அடிப்படையான மாதிரி, என்று சிட்டையில் எழுதியிருப்பது மட்டுமே தீர்க்கமான சான்றாகாது என்று சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிக்கோவை 72.4.7ஆம் உறுப்பில் சொல்கிறது. தகுதிநிலைச் சிட்டைக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், இடச்சிட்டையை மட்டும் கேள்வியின்றி ஏற்பது எப்படி? அந்தச் சொல் சேகரிப்பாளரின் கையெழுத்தாக இருக்கலாம். பெட்டி கப்பலேறிய துறையைக் குறித்துக்கொண்ட எழுத்தர் ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

இலங்கை வண்டுகளின் ஆரம்பகால விவரிப்புகளும் கைகொடுப்பதில்லை. பிரான்சிஸ் வோக்கர் 1858-59இல் இலங்கைப் பூச்சிகளுக்குக் கொத்துக்கொத்தாகப் பெயரிட்டபோது இடமென்று தந்தது பெரும்பாலும் தீவின் பெயரை மட்டுமே. அந்த நிலையில் ‘பட்டிக்கலோவா’ என்ற ஒரு சொல் கிடைத்தாலே போதும் என்று ஆய்வாளருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் கிடைத்த சொல்லுக்கு அது தாங்காத துல்லியத்தை ஏற்றக்கூடாது. வகைமாதிரி இடத்தைத் தெளிவுபடுத்துவதற்கு விதிக்கோவையின் 76அ பரிந்துரை சொல்லும் சான்றுகளில் மாதிரியோடு வந்த தகவல் மட்டுமன்றிச் சேகரிப்பாளரின் குறிப்புகளும் பயண வழியும் அடங்கும். நகர வாசிப்புக்காரர்கள் பயண வழியைத் தேடாமலே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

1970களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இலங்கைப் பூச்சித் திட்டம் சேகரித்த மாதிரிகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டின. அவற்றின் சிட்டைகளில் அம்பாறை தனி மாவட்டமாக வருகிறது. ஒரே பெட்டியில் பழைய ‘மட்டக்களப்பு’ சிட்டையும் புதிய ‘அம்பாறை’ சிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, இரண்டும் இரு வேறு நிலங்கள் போலத் தோன்றும். உண்மையில் பழைய மட்டக்களப்புக்குள் புதிய அம்பாறையின் கரை முழுவதும் அடங்கும்.

மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனை வரை நீள்கிறது, நிலம் தொடர்ச்சியானதுதானே, இதனால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். புலிவண்டுகளை அறிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அவற்றின் குடம்பி மண்ணில் செங்குத்தாகத் துளையிட்டு, வாயிலில் தலையை அடைத்துக்கொண்டு இரைக்குக் காத்திருக்கும். மணலின் பருமன், ஈரம், உப்பு ஆகியவை மாறினால் இனமும் மாறிவிடும். வாவியோரச் சேற்றுக்கு உரியது நிந்தவூரின் திறந்த கடற்கரை மணலில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நகரில் தங்க விடுதியும் கப்பல் வசதியும் இருந்தன, ஆகவே சேகரிப்பு அங்கேயே நடந்திருக்கும் என்ற வாதம் பதிலுக்கு உரியதன்று. தங்கிய இடத்திலேயே வண்டு பிடித்து முடித்த சேகரிப்பாளர் அரிது.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைப் புரட்டிப்போட்டது. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதற்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. மணலையே நம்பி வாழும் உயிர்கள் இருக்கும் இடம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. இந்நிலையில் பழைய மாதிரியிலிருந்து விவரிக்கப்படும் ஓர் இனத்தைக் கல்லடியிலும் நகரச் சுற்றாடலிலும் மட்டும் தேடிவிட்டு ‘மறைந்துபோயிற்று’ என்று எழுதினால், அது பொத்துவிலில் உயிரோடு இருக்கும்போதே அதன் மரணத்தை நாம் பதிவு செய்தவர்களாவோம்.

ஆகவே புதிய விவரிப்பு எழுதுவோர் சிட்டைகளை வரிக்கு வரி, இருக்கிறபடியே தர வேண்டும். 1961க்கு முந்திய மாதிரியாயின் வகைமாதிரி இடத்தைப் ‘பழைய மட்டக்களப்பு மாவட்டம்’ என்று குறிக்க வேண்டும். ஏற்கனவே பிழையாக வெளியான இடக்குறிப்புகளைத் திருத்தவும் அதே 76அ பரிந்துரை வழிசொல்கிறது. களத்தேடல் மருதமுனையிலிருந்து பாணமை வரை நடக்க வேண்டும். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கரை கூப்பிடு தூரம். அத்தேடல் நடக்கும் வரை, பழைய மாதிரிகளிலிருந்து விவரிக்கப்படும் இனங்களுக்கு அம்பாறைக் கரையில் பதிவு இல்லை என்று எழுத எவருக்கும் ஆதாரம் இல்லை.