பிறர் நாவாகிப் பாடிய பெருமாள்

தாம் படைக்காத ஒரு கதைமாந்தரைத் தேர்ந்து, அவராகவே நின்று பேசுவது எளிய செயலன்று. சங்க அகப்பாடல்களில் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பேசினர். எனினும் அம்மாந்தர்க்குப் பெயரில்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பெயரும் வரலாறும் முடிவும் முன்னரே யாவரும் அறிந்த மாந்தரை ஏற்றுப் பேசுவதோ வேறொரு முயற்சி. அதனைத் தமிழில் பெருவழக்காக்கியவர்கள் ஆழ்வார்கள்.

பெரியாழ்வார் யசோதையானார். ஆண்டாள் ஆய்ப்பாடிப் பெண்ணானார். திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில், இராமனிடம் தோற்று உயிர்ப்பிச்சை வேண்டும் இலங்கை அரக்கராகவே ஆடிப் பாடினார். பெரியாழ்வாரின் 'உந்திபறத்தல்' பதிகத்தில் இரு மகளிர் எதிரெதிர் நின்று விளையாடுகின்றனர். ஒருத்தி கண்ணன் புகழ் பாட, மற்றவள் இராமன் புகழ் பாடுகிறாள். ஒருத்தியின் பாட்டுக்கு மற்றவளின் பாட்டே விடையாகிறது.

இவ்வரிசையில் தனித்து எண்ணத்தக்கவர் குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுள் 43 பாசுரங்கள், அதாவது ஆறு முதல் ஒன்பது வரையான நான்கு திருமொழிகள், பிறர் கூற்றாகவே அமைந்தவை. ஆறாவது, ஊடல் கொண்ட ஆய்ச்சியர் கூற்று. ஏழாவது, தேவகி புலம்பல். எட்டாவது, கோசலையின் தாலாட்டு. ஒன்பதாவது, தயரதன் புலம்பல்.

இத்தேர்வே ஆழ்ந்து நோக்கற்குரியது. கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாட விழைவார்க்கு யசோதையே இயல்பான வாய். குலசேகரரோ ஈன்றும் வளர்க்கப் பெறாத தேவகியைத் தேர்ந்தார். வெண்ணெய் திருடி அகப்பட்ட பிள்ளையின் அழுகையையும் அச்சத்தையும் கண்டு களித்தவள் யசோதை. தேவகிக்கு அக்காட்சிகள் எண்ணிப் பார்க்க மட்டுமே உரியவை. ஆகவே அவள் பாடும் பிள்ளைமை, காணாத பிள்ளைமை. அதுபோன்றே இராமகாதையில் அவர் ஏற்றது வென்றவனின் நாவையன்று. தன் சொல்லுக்குக் கட்டுண்டு மகனைக் காட்டுக்கு அனுப்பிய தந்தையின் நாவை.

இங்கே குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தியொன்று நினைவிற்கு வருகிறது. இராமன் தனியொருவனாய்க் கரனது பெரும்படையை எதிர்த்து நின்றான் என்று கதை கேட்ட அளவில், குலசேகர மன்னர் தம் படையைத் துணைக்கு எழுப்பினாராம். இது வரலாறாயினும் புனைவாயினும், கதைக்குள் புகுந்து உதவ விழையும் உள்ளத்தை உணர்த்துகிறது. அத்தகையவர் தயரதனாய் நின்று பாடும்போது கதையின் முடிவில் கைவைக்கவில்லை. காட்டின் கொடுமையை எண்ணி நையும் அம்மன்னன், இனிவரும் பிறவிகளிலும் இராமனையே மகனாகப் பெற வேண்டுவதன்றி வேறொன்றும் செய்யவியலாதவனாகிறான். ஏற்ற மாந்தர்க்கு உண்மையாய் இருத்தலென்பது, தம் விருப்பத்தை அவர்மேல் ஏற்றாதிருத்தலே என்பதை இப்பாசுரங்கள் காட்டுகின்றன.

மற்றொன்றும் கருதத்தக்கது. இப்பதிகங்களின் இறுதிப் பாசுரங்களில் குலசேகரன் என்னும் பெயர் வெளிப்படுகிறது. தேவகியின் சொல்லாக, தயரதன் புலம்பலாகத் தாம் பாடியதை அவரே அறிவிக்கிறார். பத்துப் பாசுரங்கள் வரை பிறராய் நின்றவர், இறுதியில் தம் பெயரோடு கேட்போர் முன் நிற்கிறார். ஏற்ற வடிவில் கரைவதும், கரைந்தமையை மறைக்காமையும் ஒருங்கே அமைந்த நேர்மை இது.

இம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. திருவரங்க அரையர் சேவையின் 'முத்துக்குறி'யில், அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புலவர் ஏற்ற குரலைப் பின்வந்தோர் தம் குரலில் ஏற்கின்றனர். பழங்கதை பழையதாகாமல் வாழ்வது, அதனுள் பேசாதிருந்தவர்க்கு நாவளிப்போர் தோன்றுவதனாலேயே எனலாம்.